ராணுவத்திலிருந்து அரசு அலுவலகத்துக்கு: முன்னாள் படைவீரர்கள் போட்டித் தேர்வு எழுத ஒரு வழிகாட்டி

சிப்பாயாகச் சேரும் ஒருவர் பெரும்பாலும் 40 வயதைத் தொடுவதற்கு முன்பே ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிடுகிறார். அந்த வயதில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும், உடம்பில் இன்னும் 20 ஆண்டு உழைக்கும் தெம்பு இருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஏ.டி.எம். வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலும் காவலுக்கு நிற்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. எந்த வேலையும் தாழ்ந்ததில்லை. ஆனால் மத்திய அரசிலும் மாநில அரசிலும் வங்கியிலும் ரயில்வேயிலும் தங்களுக்கென்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பது தெரியாமல் பலர் அந்த வேலைக்குப் போகிறார்கள். தெரிந்தவர்களோ, இந்த வயதில் பரீட்சையா என்று தயங்கி நின்றுவிடுகிறார்கள். ஒதுக்கிய இடத்துக்குத் தகுதியான முன்னாள் படைவீரர் கிடைக்காவிட்டால் அது மற்றவர்களுக்குப் போய்விடும்.

முதன்முறை விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்கும் முன்பே மனத்தில் பதிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி ஓர் அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த வேலைக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. ஆகவே எந்தத் தேர்வுகளை எழுதுவது, எதில் முதலில் சேர்வது என்று வரிசையை யோசித்துவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் இதை மனத்தில் வைத்தே எழுதியது.

முதல் படி: விதிப்படி நீங்கள் முன்னாள் படைவீரரா?

மத்திய அரசுப் பணிகளுக்கான அடிப்படை, 1979ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பு விதிகள். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் எந்த நிலையில் பணியாற்றியிருந்தாலும், ஓய்வூதியம் பெற்று வெளிவந்தவர் முன்னாள் படைவீரர். ஓய்வூதியத் தகுதி வந்தபின் சொந்த விருப்பத்தில் விலகியவரும் இதில் அடங்குவார். ராணுவப் பணியால் ஏற்பட்ட உடல்நலக் குறைவுக்காக மருத்துவ அடிப்படையில் விடுவிக்கப்பட்டவர், ஆள்குறைப்பில் வெளிவந்தவர், ஒப்பந்தக் காலத்தை முடித்துப் பணிக்கொடை பெற்றவர் ஆகியோருக்கும் இந்தத் தகுதி உண்டு. ஓய்வூதியத் தகுதி வரும் முன்பே தானாகக் கேட்டு விலகியவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது.

பி.எஸ்.எப்., சி.ஆர்.பி.எப். போன்ற துணை ராணுவப் படைகளில் பணியாற்றியவர்கள் இந்த விதிகளின்படி முன்னாள் படைவீரர்கள் அல்லர். சீருடை ஒன்றுபோல இருப்பதால் இதில் குழப்பம் அதிகம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டு பணி முடிக்கும் அக்னிவீரர்களுக்கும் தனி விதிகள். அவர்கள் அறிவிக்கையில் தங்களுக்கென உள்ள பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். இங்கே சொல்லப்போகும் வயதுக் கணக்கைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அப்பா ராணுவத்தில் இருந்தார் என்பதற்காக மகனுக்கோ மகளுக்கோ வயதுச் சலுகை வராது. போரில் உயிர்நீத்தவர்களின் வாரிசுகளுக்கு மட்டும் சில இடங்களில் தனி ஒதுக்கீடு உண்டு.

இன்னும் பணியில் இருப்பவர்கள் ஓய்வு பெறும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. பணிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், எல்லாச் சலுகைகளும் உண்டு. எந்தத் தேதியில் பணிக்காலம் முடிகிறது என்று கமாண்டிங் ஆபீசரிடமிருந்து சான்றும், தடையின்மைச் சான்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஓராண்டு பொன்னானது. மாதாமாதம் சம்பளம் வரும்போதே தேர்வு எழுதுவதற்கும், ஊர் திரும்பிச் செலவுகள் நெருக்கும்போது எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாம் படி: வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

'எனக்கு 40 ஆகிவிட்டது, அறிவிக்கையில் 27 என்று போட்டிருக்கிறது' என்று பக்கத்தை மூடிவிடுகிறவர்கள் ஏராளம். பொறுமையாக ஒரு காகிதத்தை எடுங்கள்.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் (எழுத்தர் போன்ற பணிகள்), உங்கள் உண்மையான வயதிலிருந்து ராணுவத்தில் பணியாற்றிய காலத்தைக் கழிக்க வேண்டும். மீதி வரும் வயது, அறிவிக்கையில் உள்ள உச்ச வயதைவிட 3 ஆண்டுக்கு மேல் கூடாமல் இருந்தால் போதும். ஒருவர் 19 வயதில் சேர்ந்து, 17 ஆண்டு பணியாற்றி, 36 வயதில் வெளிவந்தார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவருக்கு 40. நாற்பதில் 17 போனால் 23. உச்ச வயது 27 என்றால் இவருக்கு 30 வரை இடம் இருக்கிறது. அதாவது 47 வயதுவரை இவர் அந்தத் தேர்வை எழுதலாம்.

கணக்கைக் கூர்ந்து பார்த்தால், நீங்கள் சேர்ந்தபோது இருந்த வயதோடு வெளிவந்த பிறகு கழிந்த ஆண்டுகள் மட்டுமே கூடுகின்றன. சீருடையில் கழித்த ஆண்டுகள் உங்களுக்கு எதிராக எண்ணப்படுவதில்லை. ஓய்வுக்குப் பிறகு சும்மா கழியும் ஆண்டுகள்தான் எண்ணப்படுகின்றன. 'ஓரிரண்டு வருஷம் போகட்டும்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வை நடத்தும் ஐ.பி.பி.எஸ்., இதே சலுகையை வேறு விதமாகச் சொல்கிறது. உச்ச வயதான 28உடன் பணிக்காலத்தையும் 3 ஆண்டையும் கூட்டலாம், ஆனால் மொத்தம் 50ஐத் தாண்டக் கூடாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் முன்னாள் படைவீரர்களுக்குத் தனி உச்ச வயதை அறிவிக்கையிலேயே அச்சிடுகிறது. ஆகவே அங்கே கழித்தல் கணக்குப் போடாமல் அந்த வரியைப் பார்த்தால் போதும்.

மூன்றாம் படி: எந்தத் தேர்வு?

மத்திய அரசில் நேரடி நியமனமாக நிரப்பப்படும் குரூப் சி இடங்களில் 10 சதவீதமும், முன்பு குரூப் டி என்று இருந்த கடைநிலைப் பணிகளில் 20 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு. பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் இது முறையே 14.5, 24.5 சதவீதம். கூடுதலாக உள்ள 4.5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாருக்கும் உரியது.

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் எம்.டி.எஸ். (பல்நோக்கு உதவியாளர்), சி.எச்.எஸ்.எல். (12ஆம் வகுப்புத் தரம்), சி.ஜி.எல். (பட்டதாரித் தரம்), ரயில்வேயின் என்.டி.பி.சி. (தொழில்நுட்பம் சாராத பணிகள்), லெவல் 1 (கடைநிலைப் பணிகள்), ஐ.பி.பி.எஸ். எழுத்தர் தேர்வு ஆகியவை நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை. எம்.டி.எஸ்., சி.எச்.எஸ்.எல். தேர்வுகளை 2023 முதல் தமிழிலும் எழுதலாம். ரயில்வே தேர்வுகளுக்கும் வங்கி எழுத்தர் தேர்வுக்கும் தமிழ் வினாத்தாள் உண்டு. சி.ஜி.எல். அறிவிக்கையில் குரூப் சி, அதற்கு மேல்நிலையான குரூப் பி என இரண்டு வகைப் பதவிகளும் கலந்திருக்கும். ஒதுக்கீடு குரூப் சி பதவிகளுக்கு மட்டும்தான். விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

வங்கி எழுத்தர் பணியைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழி தெரியுமா என்று சோதிப்பார்கள். தமிழ்நாட்டுக்கு விண்ணப்பித்தால் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு அது தடையே இல்லை. இத்தனை காலம் குடும்பத்தைப் பிரிந்திருந்தவர், சொந்த மாநிலத்துக்குள்ளேயே வேலை பார்க்க இது நல்ல வழி.

மாநில அரசில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4தான் பெரிய வாசல். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் எனப் பல பதவிகளுக்கு ஒரே தேர்வு. பெரும்பாலானவற்றுக்கு 10ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். முன்னாள் படைவீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. தேர்வுக் கட்டணம் இரண்டு முறை இலவசம். ஒருமுறைப் பதிவுக்கான 150 ரூபாயை மட்டும் கட்ட வேண்டும், அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். காவல்துறையில் மீண்டும் சீருடை அணிய விரும்புகிறவர்களுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் ஒதுக்கீடு இருக்கிறது.

அதிகாரிகளாக இருந்தவர்களுக்குக் கணக்கு வேறு. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடே கிடையாது. குறைந்தது 5 ஆண்டு பணியாற்றி வெளிவந்தவர்களுக்கு 5 ஆண்டு வயதுத் தளர்வு மட்டும் உண்டு. பொதுப் பிரிவில் 32 என்பது 37 ஆகும். எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்பு தளராது. துணை ராணுவப் படைகளின் உதவி கமாண்டன்ட் தேர்வில் 10 சதவீத இடங்கள் முன்னாள் படைவீரர்களுக்கு உண்டு.

நான்காம் படி: பட்டம் இல்லையென்றால்

10ஆம் வகுப்போடு சேர்ந்தவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி பணிகளிலும், ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு, 10ஆம் வகுப்பு முடித்து 15 ஆண்டுக்குக் குறையாமல் படையில் பணியாற்றியவரைத் தகுதியுள்ளவராகக் கருதலாம் என்கிறது மத்திய அரசின் விதி. இந்திய ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழும் கடற்படை, விமானப்படையின் அதற்கு இணையான சான்றிதழ்களும் 10ஆம் வகுப்புக்குச் சமம். வங்கி எழுத்தர் தேர்விலும் இதே சலுகை உண்டு. தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்று சொல்லும் பதவிகளுக்கு இது பொருந்தாது.

இதை உண்மையான பட்டம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். வங்கி அதிகாரி, குரூப் பி பதவிகள் என்று மேலே போக இது உதவாது. பணியில் இருக்கும்போதே தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டம் முடிப்பதுதான் நல்லது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 10, 12, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு எதிர்பார்க்கிறது. 12ஆம் வகுப்பைத் தாண்டிக் குதித்துத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் மாநிலத் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்பின்போது திருப்பி அனுப்பப்படுகிறார்கள். மூன்றாண்டு உழைப்பு ஒரு மேசையின் முன்னால் வீணாகிறது. 12ஆம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

தேர்வில் மதிப்பெண் வாங்கியும் வேலை கிடைக்காதவர்களின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் ஒரு பெயரிலோ ஒரு தேதியிலோ வந்து முடியும்.

நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் முன்னால் வரும். 10ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'மு. செல்வம்' என்று இருக்கும். ராணுவத்தில் சேரும்போது இனிஷியலை விரித்து 'செல்வம் முருகன்' என்று எழுதியிருப்பார்கள். ஆதாரில் 'செல்வம் மு' என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது உங்களுக்குத் தெரியும், சரிபார்க்கும் அலுவலர் அதை எப்படி அறிவார்? பணியில் இருக்கும்போதே யூனிட் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் பார்ட் டூ ஆர்டர் (பணிப்பதிவை மாற்றும் ஆணை) போட்டுத் திருத்திக்கொடுத்துவிடுவார்கள். வெளியே வந்த பிறகு, பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டியிருக்கும். பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலும் இப்போதே சரிசெய்யுங்கள். மனைவி, பிள்ளைகள் பெயரையும் அதே சூட்டில் பார்த்துவிடுவது நல்லது.

டிஸ்சார்ஜ் புத்தகம் கைக்கு வந்ததும் பணியில் சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, விடுவிக்கப்பட்ட காரணம், நடத்தை மதிப்பீடு ஆகிய நான்கையும் படித்துப் பாருங்கள். வயதுக் கணக்கு முழுவதும் முதல் இரண்டு தேதிகளின் மேல் நிற்கிறது. ஓய்வூதிய ஆணையும் கல்விச் சான்றிதழ்களும் அதனுடன் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

ஊர் வந்த கையோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்து அடையாள அட்டை வாங்க வேண்டும். வேலைவாய்ப்புக்கும் அங்கேயே பெயர் பதியலாம். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் பின்னால் ஒவ்வொரு சலுகைக்கும் அலைகிறார்கள்.

முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு உங்கள் சாதிப் பிரிவுக்குள்ளேயேதான் கணக்கிடப்படும். ஆகவே சாதிச் சான்றிதழும் முக்கியம். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய சான்றிதழை மத்திய அரசுத் தேர்வில் காட்டினால் ஏற்கமாட்டார்கள். மத்தியப் பட்டியலின்படியான ஓ.பி.சி. சான்றிதழ் தனிப் படிவத்தில் வேண்டும். அதில் கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவு) இல்லை என்ற குறிப்பும் இருக்க வேண்டும். உங்கள் ராணுவச் சம்பளம் அதிகம் என்பதால் அது கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரீமி லேயர் பார்க்கப்படுவது பெற்றோரின் நிலையை வைத்து.

கட்டணம் சிறு விஷயம்: எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் முன்னாள் படைவீரருக்குக் கட்டணமில்லை. ரயில்வேயில் 250 ரூபாய் கட்டி, கணினித் தேர்வை எழுதியபின் திரும்பப் பெறலாம்.

ஆறாம் படி: படிப்பு

பள்ளிப் புத்தகத்தைத் தொட்டு 20 ஆண்டு ஆகியிருக்கும். அதனால் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து எழுதிப் பாருங்கள். எந்தப் பகுதியில் பலவீனம் என்று அன்றே தெரிந்துவிடும்.

குரூப் 4 எழுதுகிறவர்களுக்குத் தமிழே முதல் பாடம். மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். முதல் பகுதியில் தமிழில் 100 கேள்விகள், 150 மதிப்பெண்கள். அதில் 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பல ஆண்டுகள் இந்தியிலேயே உத்தரவு வாங்கி, இந்தியிலேயே அறிக்கை எழுதிய ஒருவருக்கு இது எளிதல்ல. தாய்மொழிதானே என்று நம்பிப் போகிறவர்கள் இலக்கணத்தில் விழுகிறார்கள். 'செம்மொழி' என்பதைப் பிரித்தெழுதுக என்று கேட்டால் 'செம் + மொழி' என்று கை தானாகப் போகும். சரியான விடை 'செம்மை + மொழி'. இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பேச்சு வழக்கு உதவாது, பாடப்புத்தகப் பழக்கம்தான் உதவும். 6ஆம் வகுப்பிலிருந்து 10ஆம் வகுப்புவரை அரசுத் தமிழ்ப் பாடநூல்களை வரிக்கு வரி படியுங்கள். பிள்ளைகள் அதே வகுப்புகளில் இருந்தால் அவர்களோடு சேர்ந்தே படிக்கலாம். அவர்கள் கேள்வி கேட்க நீங்கள் பதில் சொல்லுங்கள்.

பொது அறிவுப் பகுதியில் 75 கேள்விகள், கணக்கிலும் திறனறிவிலும் 25. சதவீதம், விகிதம், தனிவட்டி, மீ.பொ.ம., பரப்பளவு எல்லாம் பள்ளிக் கணக்குதான். தினமும் 10 கணக்குப் போட்டுப் பழகினால் இந்த 25இல் பெரும்பகுதி கையில் நிற்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் தெரியாத கேள்விக்கும் ஒரு விடையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.சி.யிலும் வங்கித் தேர்விலும் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அங்கே தவறுக்கு மதிப்பெண் போகும்.

முன்னாள் படைவீரர்களுக்கான கட்-ஆஃப் பெரும்பாலும் பொதுப் பிரிவைவிடக் குறைவாகவே வருகிறது. அதற்காகக் குறைந்தபட்ச மதிப்பெண்ணைக் குறிவைத்துப் படிப்பது தவறு. அதிக மதிப்பெண் எடுத்தவருக்கே விரும்பிய பதவியும் மாவட்டமும் கிடைக்கும்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் உள்ள தன்னார்வப் பயிலும் வட்டங்களில் மாநிலத் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். உடன் படிக்கிற பலர் 22 வயதுப் பட்டதாரிகளாக இருப்பார்கள். கூச்சப்படாமல் அவர்களோடு உட்காருங்கள். அவர்களிடம் வேகம் இருக்கிறது, உங்களிடம் விடியற்காலையில் எழுந்து உட்காரும் பழக்கம் இருக்கிறது; இரு தரப்புக்கும் லாபம்.

ஏழாம் படி: வேலையில் சேரும் நாள்

முதலில் சொன்ன வரிசைக் கணக்கு இங்கேதான் வந்து நிற்கிறது. எம்.டி.எஸ். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் சி.எச்.எஸ்.எல். முடிவும் வங்கி முடிவும் இன்னும் வரவில்லை என்றால் என்ன செய்வது? சேர்ந்துவிட்டால் ஒதுக்கீடு போய்விடுமே என்று பயந்து கையில் வந்த வேலையை விடுகிறவர்களும் உண்டு. மத்திய அரசின் பணியாளர் துறை 2014 ஆகஸ்டில் இதற்கு வழி செய்திருக்கிறது. முதல் வேலையில் சேருவதற்கு முன்பே வேறு பணிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அந்த விண்ணப்பங்களின் விவரத்தைத் தேதிவாரியாக எழுதி, சேர்ந்தவுடனே அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்த விண்ணப்பங்களுக்கு ஒதுக்கீட்டு உரிமை தொடரும்.

இதற்காக விண்ணப்பிக்கத் தொடங்கும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேர்வின் பெயர், அறிவிக்கை எண், விண்ணப்பித்த தேதி, பதிவு எண், கட்டணச் சீட்டு என ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி. சேரும் நாளில் அதைப் பார்த்து உறுதிமொழியை எழுதி, நகலில் அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் வாங்குங்கள். பிந்தைய வேலை வரும்போது அந்த முத்திரையிட்ட நகலைத்தான் கேட்பார்கள். சேர்ந்த பிறகு புதிதாக விண்ணப்பித்தால், மத்திய அரசில் அதைவிட உயர்ந்த குரூப் சி பதவிக்கு வயதுத் தளர்வு மட்டும் கிடைக்கும், ஒதுக்கீடு கிடைக்காது. தமிழ்நாடு அரசுப் பணியில் விதி இன்னும் கடுமை: ஒரு பதவிக்குத் தேர்வாகிவிட்டால், அடுத்த நியமனத்துக்கு முன்னாள் படைவீரர் என்று உரிமை கோர முடியாது. எனவே வங்கியும் மத்திய அரசும் உங்கள் விருப்பத்தில் முன்னால் இருந்தால், குரூப் 4இல் சேருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். ஒப்பந்த வேலையிலோ தனியார் வேலையிலோ இருந்ததால் ஒதுக்கீடு போய்விடாது.

சம்பளத்தைப் பற்றிய பயமும் பலருக்கு உண்டு. மத்திய அரசுப் பணியில் சேரும்போது, அதிகாரி நிலைக்குக் கீழ் ஓய்வு பெற்றவரின் ராணுவ ஓய்வூதியம் முழுவதையும் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் சம்பளத்தை நிர்ணயிப்பார்கள். புதுச் சம்பளமும் வரும், ஓய்வூதியமும் வரும். மறுவேலையில் சேர்ந்த தகவலை ஓய்வூதியம் வழங்கும் தரப்புக்கு, இப்போது பெரும்பாலோருக்கு அது ஸ்பர்ஷ் என்ற இணையவழி ஓய்வூதிய அமைப்பு, உடனே தெரிவித்துவிடுங்கள். சம்பளம் தொடக்க நிலையிலேயே நிர்ணயிக்கப்பட்டது, ஓய்வூதியம் கணக்கில் எடுக்கப்படவில்லை என்ற சான்றைப் புதிய அலுவலகத்தில் எழுதி வாங்கி அதனுடன் இணையுங்கள். ஓய்வூதியத்தின் மேல் வரும் அகவிலை நிவாரணம் அந்தச் சான்றை வைத்தே தொடரும். தெரிவிக்காமல் விட்டு, சில ஆண்டு கழித்துப் பிடித்தம் என்று நோட்டீஸ் வந்தால் மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.